தரம்

பாலக்கோட்டில் ஏறும்போதே
உள்ளங்கை வியர்வையில்
ஃபைல் அட்டை சாயம் விட்டிருந்தது.

என் பெயர் மாதேஸ்வரி.
டிப்ளமோ மெக்கானிக்கல், எழுபத்தெட்டு சதவீதம்.
ஜன்னல் கம்பியிடம் ஒன்பதாவது முறை
ஒப்பிக்கிறேன்.
அடுத்த வரி இரண்டு வருட இடைவெளி.
அங்கேதான் நாக்கு ஒட்டிக்கொள்கிறது,
கல் தடுக்கிய மாட்டு வண்டியாய்.

அந்த இரண்டு வருடமும்
ராயக்கோட்டை மண்டியில்
தக்காளி பிரித்தேன்.
சென்னை வரை தாங்குவது எது,
சூளகிரி தாண்டாதது எது,
தொட்டாலே தெரியும்.
இதை எந்த இங்கிலீஷில் சொல்ல?

மண்டி எதிரே பஸ் நின்றது.
படி வழியே ஏறியது
நசுங்கிய பழத்தின் புளித்த வாசனை.
மடியில் என் விரல்கள்
யாரும் கேட்காமலே
முதல் ரகம், இரண்டாம் ரகம், கழிவு என்று
காற்றைப் பிரித்துக்கொண்டிருந்தன.
உத்தனப்பள்ளி வந்தபோதுதான் பார்த்தேன்,
நடுங்கவில்லை.

சிப்காட் கம்பெனி வாசலில்
செக்யூரிட்டி நோட்டை நீட்டினார்.
"என்ன வேலைக்கும்மா?"
ஒப்பித்ததில் ஒரு வரியும் வரவில்லை.
"தரம் பார்க்க" என்றேன்.

நூலில் கட்டிய பேனா எழுதவில்லை.
இரண்டு உதறு உதறி
பெயர் எழுதினேன்.
நேரம் ஒன்பது பத்து.