அரசாங்கக் கால்

புதுவயல் அரிசி ஆலையில்
பெல்ட்டு என் சேலையை இழுத்தது.
போனால் போகுது என்று விடத் தெரியாமல்
நானும் இழுத்தேன்.
முழங்காலுக்குக் கீழே உள்ளதை
அது வாங்கிக்கொண்டது.

முதலாளி ஒரு மூட்டை குருணையும்
ரெண்டாயிரமும் கொடுத்தனுப்பினார்.
குருணை ஐப்பசி வரை வந்தது.

"இனியாவது சொந்தக் கால்ல நில்லு மதினி"
என்றான் கொழுந்தன்.
மிச்சமிருந்த ஒன்றைப் பார்த்தேன்.
அவனும் பார்த்தான்.
நாக்கைக் கடித்துக்கொண்டு
மாட்டுக்குத் தண்ணி காட்டப் போனான்.
எங்களிடம் மாடு கிடையாது.

சிவகங்கை முகாமில்
பேர் கேட்டார் எழுத்தர்.
"அடைக்கலம்."
"கோரிக்கை அப்புறம்மா, முதல்ல பேரு."
"பேரே அதுதான் சார்."
வரிசை முழுக்கச் சிரித்தது,
ஊன்றுகோல்கள் உட்பட.

உள்ளே ஒருவர் மாவு குழைத்துக்கொண்டிருந்தார்.
சட்டையில் ரவூப் என்றிருந்தது.
என் பாதிக் காலை இரண்டு கையாலும் ஏந்தி
பூசணிக்காய் பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
முகம் சுளிக்கவில்லை. ஐயோ பாவம் என்கவில்லை.
"அளவு நல்லா வந்திருக்கு" என்றார்.
அன்றைக்கு அது போதுமாயிருந்தது.

மூன்று மாதம் கழித்துக் கால் வந்தது.
தோல் நிறம் என்றார்கள், யார் தோலோ.
பிஸ்கட்டு மாதிரி ஒரு நிறம்.
முதல் வாரம் புண்.
மறு வாரம் கட்டிலுக்கடியில் எறிந்தேன்.
திரும்ப எடுத்துக்கொண்டு மூன்று தடவை
சிவகங்கைக்குப் பஸ் ஏறினேன்.
மூன்றாம் தடவை உள்பஞ்சை மாற்றிவிட்டு ரவூப் சொன்னார்:
"அதுவும் உங்களைப் பழகணும்ல."

பிறகு மானியக் கடன்.
மேலாளர் ஜாமீனுக்கு ஆள் கேட்டார்,
கலெக்டர் ஆபீஸ் கடிதத்தைக் காட்டினேன்.
இரண்டு நாள் அதையே உற்றுப் பார்த்தார்.
மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டார்.

இப்போது காரைக்குடி தாலுகா ஆபீசுக்கு எதிரே
தகரக் கொட்டகை,
ஒரு ஜெராக்ஸ் மிஷின், ஒரு ஸ்டூல்.
ரேஷன் கார்டும் இறப்புச் சான்றும்
வேர்வையோடு என் கைக்கு வருகின்றன.
"முதியோர் மனுவா? கீழே இல்லை, மாடியில மூணாவது கதவு.
டீ நேரத்துக்கு முந்திப் போயிருங்க."
நாளைக்கு வா என்று விரட்டப்பட்டவர்கள்
நாளைக்கும் என்னிடம்தான் வருவார்கள்.
மூன்றாவது நாள் நகலுக்குக் காசு வாங்குவதில்லை.
அந்தக் கணக்கு எனக்குத் தெரியும்.

போன தையில் கடன் முடிந்தது.
பாக்கி இல்லை என்று வங்கி தந்த தாளை
நானே ஒரு நகல் எடுத்து
என் பையிலிருந்தே ரெண்டு ரூபாயைக்
கல்லாவில் போட்டேன்.

நேற்று கொழுந்தன் வந்தான்,
பட்டா நகலுக்கு.
வரிசையில் நின்றவர்களிடம் பெருமையாகச் சொன்னான்:
"எங்க மதினி. சொந்தக் கால்ல நிக்குது."

நான் மறுக்கவில்லை, கூட்டம் அதிகம்.
ஆனால் வலது கால்தான் சொந்தம்.
இடது கால்
தீப்பெட்டி வாங்கினவனும்
சோப்பு வாங்கினவளும்
தெரியாமலே காசு போட்ட கால்.
இரண்டையும் ஊன்றித்தான் நிற்கிறேன்.

வார் இற்றுவிட்டது,
வருகிற தைக்குள் மாற்றணும் என்கிறார் ரவூப்.
மனு எழுதி வைத்தாயிற்று.
பெயர்க் கட்டத்துக்குப் பக்கத்தில் மட்டும்
சின்ன எழுத்தில் ஒரு குறிப்பு:
ஐயா, இது பேருதான்.
கோரிக்கை கீழே இருக்கிறது.