நிக்குமா

பஞ்சர் ஒட்டித் தந்தவன்
மாட்டித் தர மாட்டானாம்.
கடைப் பையன் காதுகுத்துக்குக் கோட்டையூர் போய்விட்டானாம்.
பின்சக்கரத்தை மடியில் வைத்துக்கொண்டு
ஷேர் ஆட்டோவில் வந்தேன்.
புதுவயல் அரிசி ஆலையின் பின்சுவர் ஓரம்
சென்டர் ஸ்டாண்டில் நிற்கிறது வண்டி,
பின்பக்கம் வெறுமையாக,
கொஞ்சம் வெட்கத்தோடு.

கேரியரிலிருந்து இறக்கிய நைட்ரஜன் குடுவை
நிழலில் இருக்கிறது.
உள்ளே ஈர்க்குச்சிக் கனத்தில் குழாய்கள்,
எட்டு ஜெர்சி, மூன்று சிந்து.
உறைகுளிரில் கிடப்பவற்றுக்கு அவசரமில்லை.

அவசரம் மித்ராவயலில்.
விடிந்ததிலிருந்து கத்துகிறதாம் பசு,
கயிற்றை அறுக்கிறதாம்.
காலையில் கத்தினால் சாயங்காலம் ஊசி,
அதுதான் கணக்கு.
மணி மூன்றே கால்.

ஆலைக் காவல் சாத்தையா
ஒரு நெல்சாக்கை விரித்துக் கொடுத்தார்.
அச்சு, நட்டு, வாஷர் எல்லாம் அதன்மேல்.
உமிச்சாம்பல் இறங்கி வந்து
கிரீஸ் பூசிய இடமாகப் பார்த்து உட்கார்ந்தது.

செயினைப் பல்சக்கரத்தில் ஏற்று.
பிரேக் தட்டைக் காடியில் பொருத்து.
செருப்பைக் கழற்றிவிட்டு
டயருக்கு அடியில் பெருவிரலைக் கொடுத்து
ஒரு நூல் தூக்கு.
இன்னும் அரை நூல்.

இதற்குமேல் கண் உதவாது.
எட்டு வருடமாக இந்த இடது கை
தோள்வரை உறை மாட்டி, மாட்டுக்குள் போய்,
பார்க்க முடியாததை விரலால் பார்த்திருக்கிறது:
கோழிக்கழுத்துப் போல் கெட்டியான கருப்பைவாய்,
அதன் வளையங்களை ஒவ்வொன்றாகத் தாண்டி
வலது கை தள்ளும் கம்பி.
அதே இரண்டு கைகள்தான் இங்கும்.
அச்சு எதிலோ முட்டி நிற்கிறது.
குத்தாதே.
சக்கரத்தை இடது கை லேசாக அசைக்கட்டும்.
போனது.
அடுத்த துளை.
மறுபக்கம் மூக்கை நீட்டியது அச்சு.

நட்டை மாட்டிவிட்டுத்
தண்ணீர் பாட்டிலுக்குத் திரும்பினால்
சாக்கில் ஒரு புஷ் கிடக்கிறது.
மோதிரத்தைவிடக் கொஞ்சம் பெரிது.
அது அங்கே இருக்கக் கூடாது.

"அது இல்லாமலும் ஓடும் தாயி,
எத்தனையோ வண்டி ஓடுது"
என்றார் சாத்தையா.
ஓடும்தான்.
சாக்கோட்டை வளைவு வரைக்கும்.

கழற்றினேன், எல்லாவற்றையும்.
போன் அடித்தது. எடுக்கவில்லை.
கிரீஸ் கையோடு எடுத்தால்
அதையும் கழற்ற வேண்டி வரும்.

இரண்டாம் முறை
புஷ்ஷை மாட்டும்வரை வேறெதையும் தொடவில்லை.
பிறகு கோடுகளை எண்ணினேன்.
வலப்பக்கம் மூன்று,
இடப்பக்கம் மூன்றரை.
அந்த அரைக் கோடு
வண்டி நேராகப் போவதாகப் பொய் சொல்லும்.
சரிசெய்தேன்.
செயினுக்கு நடுவில் ஒரு விரல் தொய்வு, போதும்.

பிரேக்கை அவர் கையால் அமுக்கிக்கொள்ள
நான் முறுக்கினேன்.
"இந்தக் குழாயை ஸ்பேனர்ல மாட்டி
ஏறி நில்லு தாயி."
வேண்டாம்.
அடுத்த பஞ்சருக்கு இந்த நட்டைக் கழற்றப்போவது
நான்தானே.
ஸ்பேனர் நிற்கும்.
நின்ற பிறகும் கொஞ்சம் இடம் கொடுக்கும்.
அப்புறம் சுவர்.
சுவரில் கை வைத்ததும் விட்டேன்.

பின் போகும் துளை காடிக்கு நேராக இல்லை.
தளர்த்திச் சேர்ப்பது சுலபம்.
முறுக்கியே சேர்த்தேன், முக்கி.
தீப்பெட்டியிலிருந்து புதுப் பின்,
இரண்டு காலையும் விரித்து மடக்கினேன்.
சக்கரத்தைச் சுற்றிவிட்டேன்.
யாரையும் திட்டாமல் சுற்றி நின்றது.

மித்ராவயலில்
மாட்டைத் தொடுவதற்கு முன்னால்
புறங்கையைச் சக்கரத்தின் நடுவில் வைத்துப் பார்த்தேன்.
இளஞ்சூடு. பிரேக் உரசவில்லை.
வண்டியைத் தடவிக்கொடுப்பதாக நினைத்து
பெரியகண்ணு சிரித்தார்.

வேலை முடிந்து
உறையை உரித்துக் கை கழுவும்போது கேட்டார்:
"நிக்குமா?"

கேட்டது சினையை.
நான் வண்டியைத் திரும்பிப் பார்த்தேன்.

"இருபத்தோரு நாள் கழிச்சுக்
கத்துதான்னு பாருங்க" என்றேன்.

நட்டுக்கு அவ்வளவு நாள் கிடையாது.
கண்டனூர் தாண்டி
ஒருமுறை இறங்கிப் பார்க்க வேண்டும்.