ரவை போனபின்

பகலில் என் வேலை எலி கொல்வது.
சஜா கிடங்குகளில், அரிசி மூட்டைச் சந்துகளில்
நீல மருந்துக்கட்டி வைப்பேன், பசை அட்டை விரிப்பேன்,
எண்ணிக் குறித்து ஃபோர்மேனிடம் கையெழுத்து வாங்குவேன்.
இரவில் ரோலாவில், ஆறு கட்டில் அறையில்,
தலைமாட்டுக் கூண்டில் ஓர் எலி தூங்கிவிட்டதா என்று
காது கொடுத்துக் கிடக்கிறேன்.

இரண்டாக வந்தவை.
வில்லாவைக் காலிசெய்து கனடா போன வீட்டுப் பெண்பிள்ளை
கூண்டை என் வேன் சீட்டில் வைத்து
"அங்கிளுக்கு எலியைப் பத்தி எல்லாம் தெரியுமாமே" என்றாள்.
இல்லையென்று சொல்ல வாய் வரவில்லை.
வெள்ளைக்கு ரவை, கறுப்புக்குக் கடுகு.
அன்று சமையல் முறை என்னுடையது,
வேறு பெயர் தோன்றவில்லை.

ரவை செத்தது ஆகஸ்டில், ஒரு வெள்ளிக்கிழமை,
விலாவில் பட்டாணி அளவு கட்டியோடு.
கடுகு அதன் காதை நக்கிக்கொண்டே இருந்தது,
விடிந்த பிறகும்.
உடனே எடுக்கவில்லை நான்.
காணோம் காணோம் என்று தேடுவதைவிட
போய்விட்டது என்று தெரிவது மேல்.
பதினொரு மணிக்குக் கடுகே விலகி
மூலையில் போய்ச் சுருண்டது.
அப்புறம்தான் கையை விட்டேன்.

பார்க்கிங் ஓரத்து வேம்படியில்
சொட்டுக்குழாய் நனைத்த மண்ணைக்
கரண்டியால் தோண்டினேன்.
வாட்ச்மேன் குல் நவாஸ் வந்து நின்றான்.
எலியா, என்றான் இந்தியில்.
எலிதான்.
மேலே கேட்கவில்லை,
தன் குடையை என் தலைக்குச் சாய்த்துப் பிடித்தான்.

அதன்பின் கடுகு சக்கரம் ஏறவில்லை.
நான்கு சுவரையும் உரசி ஓடி
கூட்டுக்குத் திரும்பி, மோந்து, மறுபடி ஓடியது.
எலி சுவரை ஒட்டித்தான் போகும்:
இதை வைத்தே பொறி வைக்கிறோம்.
பழகிய வாடையை விடாது:
இதை வைத்தே இரை வைக்கிறோம்.
எட்டு வருஷத் தொழிலைத் தலைகீழாகப் பிடித்தால்
வேறொன்றுக்கும் ஆகிறது.

கூண்டைக் கழுவு, நாறுது என்றான்
மேல்கட்டில் எபநேசர்.
நாறட்டும். ரவை படுத்த பஞ்சு ஒரு பிடி
அப்படியே இருக்கட்டும்.
கேன்சலில் போன தவசியின் தலையணை உறையை
இவன் மட்டும் துவைத்துவிட்டானா?

வேலை முடிந்து வந்ததும் கை கழுவுவேன் மூன்று முறை,
முழங்கை வரை, நகக்கண் வரை.
பகலின் வாடை துளியும் கூடாது.
பிறகு விரல்நுனியில் அவித்த மஞ்சள்கரு.
முதல் நாள் தொடவில்லை. மறுநாளும்.
மூன்றாம் நாள் ஒரு சூரியகாந்தி விதையை வாங்கி
தின்னாமல்
ரவையின் பஞ்சுக்குள் கொண்டுபோய் வைத்தது.

பனியனுக்குள் விட்டுக்கொண்டு படுக்கிறேன் இப்போதெல்லாம்.
ஏசி இரைச்சலுக்கும் எபநேசர் குறட்டைக்கும் நடுவே
என் நெஞ்சின் மேல் இன்னொரு நெஞ்சு,
எண்ணி முடியாத வேகத்தில்.

பறவைச் சந்தையில் ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறேன்.
பழுப்பு, பெட்டை, பதினைந்து திர்ஹம்.
சம்பளம் பத்தாம் தேதி.
வந்ததும் சேர்க்கக்கூடாது. தனிக் கூண்டு,
இதன் பஞ்சு அதற்கு, அதன் பஞ்சு இதற்கு,
பிறகு யாருக்கும் சொந்தமில்லாத இடத்தில்,
துணி ஊறவைக்கும் டப்பில், பத்து நிமிஷம்.
"நம்ம ரூமுக்கு ஆள் போடறப்ப
சூப்பர்வைசர் இவ்வளவு யோசிச்சானா" என்றான் எபநேசர்.
பழுப்புக்கு என்ன பேர் என்று கேட்டதும் அவன்தான்.

நேற்று இரவு இரண்டு மணிக்குச் சக்கரம் கிறீச்சிட்டது.
ஒரே ஒரு சுற்று.
"ஓடுதா?" இருட்டில் மேலிருந்து குரல்.
நின்னுடுச்சு, படு.

காலையில் சஜா, ஏழாம் நம்பர் கிடங்கு.
பன்னிரண்டு அட்டை விரித்ததில்
ஒன்றில் சின்னதாய் ஒன்று ஒட்டிக் கிடந்தது.
அட்டைக்கு வெளியே, சுவரோரம்,
டார்ச் வெளிச்சம் பட்டும் ஓடாமல்
இன்னொன்று.

படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
எண்ணிக்கை: ஒன்று, என்று எழுதிவிட்டு
டார்ச்சை அணைத்தேன்.