உடன் இருப்பவர்

லீ பஜார் எடைமேடையில்
பதினாலு வருஷமாக ஒரே வாக்கியம்தான் என் வேலை:
"டிரைவர் இறங்கணும்."
மஞ்சள் மூட்டைகளோடு மூட்டையாக
எழுபது கிலோ மனிதன் ஒருத்தன்
ரசீதில் ஏறிவிடக் கூடாது.

என்னை நிறுப்பதுதான் பாடு.
ஐந்து ரோடு ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்துத் தராசு
நூற்றைம்பதைத் தாண்டியதும்
எண்ணை விழுங்கிவிட்டு
வெறும் கோடுகளைக் காட்டியது.
நர்ஸ் பெண் தரையைப் பார்த்தபடி சொன்னாள்,
"பெரிய மெஷின் மேல இருக்குங்க."
லிஃப்டில் ஆறு பேர் என்று எழுதியிருந்தது.
மூன்று பேர் ஏறினோம்.
பின்னால் வந்த ஒல்லி மனிதர்
"நான் படியிலயே வந்துடறேன்" என்றார்,
ரொம்ப மரியாதையாக.

அர்த்தநாரிக்கு ஆத்தூர்ப் பக்கம் ஜவ்வரிசி மில்.
பெலவேந்திரன் ஏற்காட்டில் காப்பித் தோட்டத்து மேஸ்திரி.

"இந்த ஸ்லீவுன்னா என்னதாங்க?"
"இரைப்பைல முக்காவாசிய நறுக்கிட்டு
மிச்சத்த வாழைக்காய் கணக்கா தைச்சுடறது."
"அரைக்கையா முழுக்கையா?"
சிரித்தோம்.
மூன்று வயிறுகளும்
வெவ்வேறு நேரத்தில் அடங்கின.

பலூன் வேண்டாம் என்றார் பெலவேந்திரன்.
ஆறு மாசம் வைத்திருந்தவர்.
"பதினெட்டு கிலோ போச்சு சார்.
எடுத்த மூணாம் மாசம்
பதினெட்டும் வீடு தேடி வந்துருச்சு,
கூட நாலைக் கூட்டிக்கிட்டு."
பலூன் வைத்த வாரம்,
கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸை நிறுத்தி
வாந்தி எடுத்திருக்கிறார்.
குடிச்சிருக்கியா என்றானாம் கண்டக்டர்.
ஆமா என்றாராம்.
அதைச் சொல்ல வெட்கமில்லை பாருங்க.

"சர்க்கரைக்கு பைபாஸ்தான் கேக்குமாம்" என்றார் அர்த்தநாரி.
எனக்கு பைபாஸ் போட்ட ஊர்களைத் தெரியும்.
லாரி சல்லென்று போய்விடும்,
பழைய ரோட்டு டீக்கடைக்காரன் ஈ ஓட்டுவான்.
அதையே சொன்னேன்:
இரும்புச் சத்து நிற்காது, வைட்டமின் நிற்காது,
ஆயுசுக்கும் மாத்திரை.
"டீக்கடை போனா போகட்டுங்க.
எங்கண்ணனுக்கு ரெண்டு விரல் எடுத்தாச்சு."
தன் செருப்பைப் பார்த்தார்.
அது தெரிவதற்கு
முன்னால் நன்றாகக் குனிய வேண்டியிருந்தது.

கொஞ்ச நேரம் ஃபேன் மட்டும் பேசியது.

என் முறை வந்தபோது
முழங்கால் வலி என்று சொல்லிவைத்தேன்.
சொல்லாதது:
ராத்திரி என் குறட்டை நடுவில் நின்றுபோகிறது.
மங்கை இருட்டில் எண்ணுகிறாள்.
முப்பது வரை பொறுத்துப் பார்த்துவிட்டு
தோளைப் பிடித்து உலுக்குகிறாள்.
தினமும் என்னை
முப்பதிலிருந்து இழுத்துவரும் பெண்ணிடம்
சங்ககிரியில் வேலை என்று
பொய் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.

சாப்பாட்டுக் கணக்கு சொல்லும் பெண்ணிடம்
அர்த்தநாரி மெதுவாகக் கேட்டார்,
"அப்புறம் தட்டுவடை செட்டெல்லாம்..."
"ஒரு வருஷம் போகட்டும். அப்புறம் ஒண்ணு. நல்லா மென்னு."
ஒண்ணு என்ற சொல்லை
சாவுச் செய்தி போல வாங்கிக்கொண்டார்.
"நடுவுல வைக்கற பீட்ரூட் துருவல்
எவ்வளவு வேணா சாப்பிடலாங்க" என்றாள்,
ஆறுதலாக.

படிவம் வந்தது.
எந்த அறுவை என்ற கட்டத்தை
மூவரும் காலியாக விட்டோம்.
அடுத்த கட்டம்: உடன் இருப்பவர் பெயர்.
அர்த்தநாரி வீட்டில் திருப்பூர் போவதாகச் சொல்லியிருக்கிறார்.
பெலவேந்திரன் பல் பிடுங்க வந்திருக்கிறார்.

"உங்க பேரு என்னங்க?" என்றார் அர்த்தநாரி.
அவர் மில் லாரிகளின் ரசீதில்
ஒன்பது வருஷமாக என் கையெழுத்து இருக்கிறது.
கோழி கீறியது போல் ஒரு கோடு, அவ்வளவுதான்.

"சின்னப்பையன்."

சிரித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.
அவர் சிரிக்கவில்லை.
"ப்பை, ரெண்டு ப-வா?" என்று கேட்டு
கட்டத்துக்குள் அடங்கும்படி
பொடி எழுத்தில் எழுதினார்.

பிறகு பேனாவை
பெலவேந்திரனிடம் நீட்டினார்.