பூட்டுக்காரனின் வாக்குமூலம்

ஸைமி ஹொங்கவூரி எழுத வரும்வரை
ராவ்மாவின் மரவீடுகளுக்குக்
கொக்கி போதுமாயிருந்தது.
காற்று திறக்காதிருக்க ஒரு கொக்கி,
பூனை நுழையாதிருக்க ஒரு கல்.
சைக்கிள் பழுதுபார்த்துத்தான்
என் பூட்டுக்கடை பிழைத்தது.

முதல் நாவலில் ரொட்டிக்கடை உர்ஹோ செத்தான்,
மாவுத் தொட்டிக்குள் தலைகுப்புற.
பெயரை மாற்றியிருந்தாள்,
மச்சத்தை மாற்றவில்லை.
உர்ஹோ பதினெட்டுப் பிரதி வாங்கி
அடுப்புக்கு மேலே அடுக்கினான்.
அன்று மாலையே கடைக்கு வந்து
தணிந்த குரலில்
இரட்டைத் தாழ் கேட்டான்.

பிறகு ஆண்டுக்கொருவர்.
தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர்,
சுங்க அதிகாரியின் விதவை,
சவுனாவில் வெந்துபோன வங்கி மேலாளர்.
தெருவில் எதிர்ப்பட்டால்
செத்தவர்களெல்லாம் தொப்பியைத் தூக்கி
அவளுக்கு வணக்கம் சொன்னார்கள்.
சாகாதவர்கள்தாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்:
எங்களிடம் அப்படியென்ன குறை கண்டாள்?

மறைப்பானேன்,
அவள் பேனா எடுத்தால்
என் வீட்டில் உலை கொதித்தது.

பகலெல்லாம் மீன் ஆலையில் டப்பா எண்ணினாள்.
எண்ணிக்கைத் தாளின் பின்புறத்தில்
இரவெல்லாம் கொன்றாள்.
ஆண்பெயர் வைத்துக்கொள்ளச் சொன்ன பதிப்பாளருக்கு
ஆலையிலிருந்து ஒரு டப்பா அனுப்பினாள்.
திறந்து பார்த்தால் காலி.

ஒரு நவம்பர்,
மூன்று மணிக்கே இருட்டியிருந்தது.
உள்ளே தாழிட்ட அறையை விட்டு
ஒருவன் எப்படி வெளியேறுவான் என்று கேட்டாள்.
நூலும் ஊசியும் எடுத்துக் காட்டினேன்.
'இதை எழுதினால் ஊருக்கே தெரிந்துவிடுமே?'
'தெரிந்தால் வியாபாரம் யாருக்கு?' என்றாள்,
சிரிக்காமல்.
அவள் நகக்கண்ணில் மை இல்லை,
உருளைக்கிழங்கு மண்.

ஹெல்சிங்கியிலிருந்து வந்த நிருபன்
மரணம் ஏன் அவளை ஈர்க்கிறது என்று கேட்டபோது
நான் பக்கத்தில் இருந்தேன்.
'மரணமா?
அதற்கு முந்தின சாப்பாடுதான்.
யார் யார் பக்கம் உப்பை நகர்த்தவில்லை,
அதை மட்டும் பார்.'
நிருபன் எழுதிக்கொண்டான்.
நான் அன்றிரவு
மனைவி பக்கம் இரண்டுமுறை உப்பை நகர்த்தினேன்.

மார்ச்சில் மூன்று நாள்
அவள் புகைபோக்கியில் புகையில்லை.
காவலர் என்னை அழைத்தார்.
முழு மூட்டையோடு போனேன்,
ரம்பம், கொக்கி, மெழுகு, பதினோரு சாவி.
தெரு திரண்டு நின்றது,
அவள் கொன்றவர்கள் அத்தனை பேரும்.
மண்டியிட்டுக் கைப்பிடியைப் பிடித்தேன்.
திறந்துகொண்டது.

ஊரையே பூட்டவைத்தவள்
ஒருநாளும் பூட்டவில்லை.
நான் விற்ற சாவி ஆணியில் தொங்கியது,
விலைச்சீட்டுகூடக் கழற்றாமல்.

மேசையில் ஆறிப்போன காப்பி.
தட்டச்சுப்பொறியில் நாற்பத்து நான்காவது நாவல்,
ஒரு தாள், அரை வாக்கியம்:
'பூட்டுக்காரன் படியேறி வந்தபோது'

அவ்வளவுதான்.

இப்போது அந்தத் தாள் கண்ணாடிப் பெட்டியில்.
கோடையில் பேருந்து நிறைய வருகிறார்கள்,
உர்ஹோவின் பேத்தி மாவுத்தொட்டி வடிவத்தில்
ஏலக்காய் ரொட்டி சுட்டு விற்கிறாள்.
வழிகாட்டிப் பெண் என் ஜன்னலை நோக்கிக் கைநீட்டி
ஏதோ சொல்கிறாள்,
கூட்டம் ஒரு கணம் மூச்சடக்குகிறது.

கொல்ல வந்தேனா, சாக வந்தேனா?
எண்பத்தாறு வயதில் இன்னும் படியில் நிற்கிறேன்.
இரவில் பூட்டு எதுவும் போடுவதில்லை.
ஒரு கொக்கி மட்டும்,
காற்றுக்கு.