கீழ்க்கடைவாய், இடப்பக்கம்

முதல்நாள் நீங்கள் பல்லைப் பற்றிச் சொல்லவில்லை.
தேத்தண்ணி வழியிறது தெரியேல்லை டொக்டர்,
மனிசி துடைச்சுவிடேக்கதான் விளங்குது, என்றீர்கள்.
கீழுதட்டில் பாதி, நான் ஊசி போடாமலே
விறைத்துக் கிடந்தது.

குலவீரசிங்கம், ஐம்பத்தெட்டு, பாலிநகர்.
மல்லாவி ஆஸ்பத்திரியில் அன்று மின்சாரம் போய்ப் போய் வந்தது,
வாங்கில் இன்னும் நாற்பத்தொரு பேர்.
பல் ஆடியது.
ஆடும் பல்லைக் கண்டால் என் கை குறட்டைத் தேடும்.
பிடுங்கினேன்.

இரத்தம் நிற்கவில்லை.
பஞ்சைக் கடித்தபடியே
மோட்டார் சைக்கிளில் கிரவல் ரோட்டால் போனீர்கள்.
மூன்றாம் கிழமை வந்தபோது
பல்லிருந்த குழியில் நாவற்பழ நிறத்தில்
ஒரு சதை ஏறியிருந்தது.

வெத்திலை?
இல்லை.
சுருட்டு? பீடி?
இல்லை.
இந்த மனிசன் பாக்குவெட்டியையே தொட்டதில்லை என்றா அவ.
நான் உங்கள் அட்டையில்
ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதினேன்:
மறைக்கிறார் போலும்.

யாழ்ப்பாணத்திலிருந்து அறிக்கை வர இருபத்தாறு நாள்.
இக்கலங்கள் வாயில் பிறந்தவை அல்ல.
சிறுநீரகத்தில் தேடவும்.

எப்பிடி இவ்வளவு தூரம் ஏறினது?
துண்டின் பின்பக்கத்தில் கீறிக் காட்டினேன்,
முள்ளந்தண்டை ஒட்டி ஓடும் நாளங்களுக்கு
அடைத்துத் திறக்கும் வால்வு கிடையாது,
இருமினால், முக்கினால்
இரத்தம் மேல்நோக்கியும் போகும்.
வவுனிக்குளத்துத் தண்ணீரில் முப்பது போகம் செய்த நீங்கள்
படத்தைத் தலைகீழாய்த் திருப்பிப் பார்த்தீர்கள்.
துருசில்லாத வாய்க்கால், என்றீர்கள்.

எனக்குப் படிப்பித்த ஒருவரும்
இதை இப்படிச் சொன்னதில்லை.

பிறகு கேட்டீர்கள்:
அப்ப அந்தப் பல்லு,
நல்ல பல்லோ?

தெல்லிப்பழைக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தேன்.
நிமிராமல் ஓம் என்றேன்.
சொத்தை இல்லை. வேர் இரண்டும் நேர்.
பிடித்திருந்த எலும்புதான் கரைந்திருந்தது.

கடிதத்தைச் சட்டைப் பைக்குள் வைத்துவிட்டு
ஒரு விரலால் கீழுதட்டைத் தொட்டுப் பார்த்தீர்கள்,
வேறு யாருடையதோ உதட்டைத் தொடுவதுபோல.

அட்டையை வாங்கி அந்த வரியை வெட்டினேன்.
நீலப் பேனை. வெட்டியும் வாசிக்கலாம்.
இரண்டு மாதம் அது உங்கள் வீட்டில் இருந்திருக்கிறது.
மகள் துணுக்காயில் ஆங்கிலம் படிப்பிக்கிறா என்று
நீங்கள் சொன்னது
அடுத்த இலக்கத்தைக் கூப்பிட்ட பிறகுதான்
ஞாபகம் வந்தது.