மேல் வலது மூலை

அக்கினி நட்சத்திரம் முடிந்தும் ஆறவில்லை வேலூர்.
இரவு பத்தே முக்கால்.
லேசருக்குக் குளிர் வேண்டும் என்பதால்
இந்த அறையில் எனக்கும் குளிர்.

ஊதா மூடிக் குழாயில் ரய்யான்,
ஏழு மாதம், மேல்விஷாரம்.
அப்பா ராணிப்பேட்டையில் ஷூவுக்கு
அடிப்பாகம் ஒட்டுகிறவர்.
பால் குடித்தால் பேதி, தோலெங்கும் நெருப்பு,
இந்த வயதிலேயே சர்க்கரை.
கிருமியைத் தேடித் தேடிக் களைத்து
ரத்தத்தை என்னிடம் அனுப்பியிருக்கிறது குழந்தை வார்டு.
இரண்டு எம்.எல்.
அதற்கே மூன்று இடத்தில் குத்தியிருக்கிறார்கள்.

பக்கத்தில் வைத்துப் பார்க்க ஒரு நல்ல ரத்தம் வேண்டும்.
பகல் என்றால் மாணவர்கள் கை நீட்டுவார்கள்.
என் கையையே நீட்டலாம்தான்.
படிவத்தில் நாலாவது கேள்வி:
தன் உடலைத் தானே தாக்கும் நோய் ஏதும் உண்டா?
இடது மணிக்கட்டில் வாட்ச் வார் மறைக்கும்
வெள்ளைத் தீவு
உண்டு என்று எழுதச் சொல்கிறது.

வாசலிலிருந்த செக்யூரிட்டி சம்பங்கியைக் கூப்பிட்டேன்.
தொரப்பாடிக்காரர். சட்டைக் கையை மடித்தபடியே கேட்டார்,
"எனக்கு ஒண்ணும் இல்லியே மேடம்?"
"இல்லன்னுதான் ஒங்களக் கேக்கறேன்."

சாயம் ஊறட்டும்.
நெஞ்செலும்புக்குப் பின்னால் ஒரு பயிற்சிக்கூடம், தைமஸ்.
மஜ்ஜையிலிருந்து வந்திறங்கும் பயல்களுக்கு
உடம்பு முழுவதையும் அங்கே வேஷம் கட்டிக் காட்டுவார்கள்:
இது இன்சுலின், இது எச்சில், இது கண்ணீர்,
இது தோலின் கறுப்பு.
கண்டதும் பாய்கிறவனுக்கு அங்கேயே முடிவு.
நூறு பேர் நுழைந்தால்
இரண்டோ மூன்றோ வெளியே வரும்.

எனக்குப் பிடித்த சங்கதி வேறு.
முழுதாகப் பாயாமல், பாராமுகமாகவும் போகாமல்
கையை லேசாக ஓங்கி நின்றுவிட்ட சிலர் உண்டே,
அவர்களில் கொஞ்சம் பேரைக் கொல்வதில்லை.
ஃபாக்ஸ்பி-த்ரீ என்ற மரபணுவைத் தட்டி எழுப்பி
காவலுக்கு அனுப்புகிறார்கள்,
மற்ற காவலர்கள் மேல் ஒரு கண் வைக்க.

இவர்கள் அதிகம் அடிப்பதில்லை.
சண்டைக்குக் கிளம்புகிறவனுக்கு வந்த டீயை
முந்திக்கொண்டு குடித்துவிடுவார்கள்.
அவன் முறுக்கிறங்கி உட்கார்ந்துவிடுவான்.
(கட்டுரைகளில் இதற்கு நீளமான பெயர்.)

நீரில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை,
அதிகாரம் இல்லாத போலீஸ் என்று
இந்த ஊரைக் கேலி பேசுவார்கள்.
கடைசியில் சொன்னதற்கு
நான் சிரிப்பதை நிறுத்தி நாளாகிறது.

சம்பங்கி முதலில் ஓடினார்.
திரையில் புள்ளி புள்ளியாய்க் கொட்டி
மேல் வலது மூலையில் ஈசலாய் மொய்த்தது ஒரு கூட்டம்.
ஐந்து புள்ளி எட்டு சதவீதம்.
எட்டிப் பார்த்தார்.
"நம்ம ஆளுங்க எல்லாம் இருக்காங்களா?"
"டூட்டில இருக்காங்க."
பஞ்சை அழுத்திக்கொண்டே கேட்டுக்குத் திரும்பினார்.

பிறகு ரய்யான்.
கீழே கூட்டம் கூட்டமாய் முறுக்கேறிய பயல்கள்.
மேல் வலது மூலை
துடைத்த சிலேட்.
சாயத்தில் பிசகா? இன்னொரு முறை ஏற்றினேன்.
அடியில் மிஞ்சிய சொட்டில் மூன்றாம் முறை.
சிலேட்.

ஏழு கிலோகூட இல்லாத உடம்பு,
உள்ளே அத்தனை பெரிய படை,
போதும்டா என்று சொல்ல ஒரு ஆள் இல்லை.

அவனுக்கு ஐந்து வயதில் அக்கா இருக்கிறாளாம்.
அவள் மஜ்ஜை பொருந்தலாம்.
அது வேறு மாடி, வேறு குழாய்.
என் வேலை ஒரு கட்டத்தை நிரப்புவது:
காணப்படவில்லை.
அடித்துவிட்டு, அனுப்பாமல் கொஞ்ச நேரம் இருந்தேன்.
காட்பாடிப் பக்கம் ஏதோ ஒரு ரயில்
சிக்னல் கிடைக்காமல் ஊதிக்கொண்டே இருந்தது.
அனுப்பினேன்.

வாட்சைக் கழற்றினேன்.
தாண்டுகிறதா என்று பார்க்க, திங்கட்கிழமை
வெள்ளையைச் சுற்றிப் பேனாவால் கோடு போட்டிருந்தேன்.
பாதிக் கோடு வியர்வையில் போய்விட்டது.
மிச்சப் பாதியை இன்னும் தாண்டவில்லை.
அழிந்த பக்கம்
தெரியவில்லை.